தன் கையால் மாற்றிய தேர்

ஒருவன் தன் உடைமையான யந்திரம் ஒன்றைத் தன் கையாலேயே பிரித்து, அதன் உறுப்புகளில் சிலவற்றைக் களைந்து, வேறு சிலவற்றைப் பூட்டி, தன் உள்ளத்துக்கு உகந்த வகையில் அதைத் திருத்தி அமைத்துக்கொள்வானானால், அந்தக் காரியத்தை அகங்காரத்தின் விரிவு என்று கொள்வதா, சிரத்தையோடு கூடிய தொண்டு என்று கொள்வதா? மேலோட்டமாகப் பார்ப்பவர்களுக்கு இது விசாரத்துக்கு உரிய விஷயமாகவே தோன்றாமல் போகலாம். கார் வைத்திருப்பவன் சக்கரத்தை மாற்றினால் என்ன, விளக்கை மாற்றினால் என்ன, அதில் தத்துவத்துக்கு என்ன வேலை என்று அவர்கள் கேட்கக்கூடும். ஆயினும் ஆத்ம விசாரம் செய்த நம் முன்னோர்கள் தங்கள் கருத்தை விளக்கத் தேரையே மீண்டும் மீண்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பதை மறப்பதற்கில்லை. கடோபநிஷத்து உடலைத் தேராகவும், புத்தியைச் சாரதியாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், இந்திரியங்களைக் குதிரைகளாகவும் வைத்துப் பேசுகிறது. பௌத்தர்களின் மிலிந்த பஞ்ஹம் தேரைக் கொண்டே 'நான்' என்பதன் உண்மையைச் சோதித்துப் பார்க்கிறது. அன்றைய தேர் இன்று என்ஜின் பூட்டிய காராகியிருக்கிறது. அதைப் பற்றி எழும் கேள்விகள் மட்டும் பழைய கேள்விகளாகவே இருக்கின்றன.

பேச்சு வெறும் பொதுமையில் நின்றுவிடாதிருக்க, ஒரு காரையே எடுத்துக்கொள்வோம். 1989-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிகாகோ நகரத்துக் கார்க் கண்காட்சியில் ஜப்பானின் மாஸ்டா நிறுவனத்தார் சிறியதொரு ஸ்போர்ட்ஸ் காரை உலகத்துக்குக் காட்டினார்கள். இருவருக்கு மேல் அதில் இடமில்லை. கூரை துணியால் ஆனது. கையாலேயே பின்னுக்கு மடித்துவிடலாம். முன்புறத்தில் 1.6 லிட்டர் என்ஜின். அதன் சக்தி செல்வது பின் சக்கரங்களுக்கு. மொத்த எடை ஒரு டன்னை எட்டாது. எம்எக்ஸ்-5 என்பது அதன் பொதுப் பெயர். அமெரிக்காவில் அதற்கு மியாட்டா என்று பெயர் வழங்கிற்று. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்பனையாயிற்று. குதிரையும் அதன்மேல் ஏறியவனும் ஓருடலாய் இயங்குவதுபோலக் காரும் அதை ஓட்டுபவனும் இயங்க வேண்டும் என்பதை, தொஷிஹிகோ ஹிராய் என்பவரின் தலைமையில் அதை வகுத்தவர்கள் தங்கள் லட்சியமாக வைத்துக்கொண்டார்கள். அந்தக் காரின் வம்சத்தில் பத்து லட்சமாவது வண்டி 2016-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஹிரோஷிமாவில் தயாராயிற்று. இருவர் அமரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் அதற்கு ஈடாக விற்றது வேறொன்றில்லை.

இவ்வளவு கருதிச் செய்த காரையும் வாங்கியவர்கள் அப்படியே விட்டுவைக்கவில்லை. விடுமுறை நாளில் வீட்டுக் கொட்டகையில் காரை ஜாக்கியால் உயர்த்தி, ஸ்டாண்டுகளின்மேல் நிறுத்தி, ஸ்பேனர்களைப் பரப்பிவைத்துக்கொண்டு, தொழிலால் மெக்கானிக் அல்லாத ஆயிரக்கணக்கானோர் அதை மாற்றி அமைக்கிறார்கள். உயரமான ஒருவர், தலை துணிக்கூரையில் இடிக்கிறதென்று சீட்டின் அடிப்பஞ்சில் ஒரு பகுதியை அறுத்தெடுத்துவிடுகிறார். ஒருவர் ஸ்டியரிங்கை மாற்றுகிறார். ஒருவர் இருக்கைகளுக்குப் பின்னே ரோல் பார் என்னும் எஃகு வளைவை நிறுத்துகிறார். பிரேக் ஆயில் செல்லும் ரப்பர்க் குழாய்களை எடுத்துவிட்டு எஃகுக் கம்பி பின்னிய குழாய்களைப் பொருத்துகிறார் வேறொருவர். கூலி மிச்சம் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அவர்கள் செலவிடும் நேரத்தைக் கணக்கிட்டால் அந்தக் காரணம் நிற்காது. தாங்கள் ஏறிச் செல்லும் பொருளோடு தங்களுக்கு ஓர் உறவு வேண்டும் என்று அவர்கள் விரும்புகிறார்கள். பணம் கொடுத்து வாங்கியதனால் மட்டும் அந்த உறவு ஏற்பட்டுவிடவில்லை என்பதை உணர்ந்திருக்கிறார்கள்.

தேர்ந்த அறிஞர்கள் பலர் கூடி, எடையையும் சமநிலையையும் நிறுத்துப் பார்த்து நிர்மாணித்த ஒன்றில் ஒரு தனி மனிதன் கைவைப்பது அபசாரம் என்று சொல்வோர் உண்டு. அந்த வாதத்தில் பணிவு இருக்கிறது. ஆகையால் நான் அதை மதிக்கிறேன். ஆனால் மூலப் பொருள் என்று அவர்கள் எதைச் சுட்டுகிறார்களோ, அது எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால் வாதம் தளர்ந்துவிடுகிறது. 1940-களின் பிற்பகுதியில் லண்டனில் பொறியியல் படித்த காலின் சாப்மன் என்னும் இளைஞர், 1928-ஆம் வருஷத்து ஆஸ்டின் செவன் கார் ஒன்றின் மேற்கட்டை நீக்கி, சொந்த முயற்சியால் வேறொரு கட்டை அதன்மேல் எழுப்பிப் பந்தயத்துக்குக் கொண்டுபோனார். லோட்டஸ் என்ற புகழ் பெற்ற பெயரின் முதல் கார் அதுதான். எடையைக் குறை என்பதே அவர் வாழ்நாள் முழுவதும் கைக்கொண்ட நியமம். அவருடைய நிறுவனம் 1962-இல் வெளியிட்ட எலான் என்னும் சிறிய திறந்த கார், பின்னாளில் எம்எக்ஸ்-5-ஐ வகுத்தவர்களுக்கு முன்மாதிரிகளில் ஒன்றாயிற்று. ஆக, தொடக்கூடாத மூலம் என்று நாம் நினைக்கும் வண்டியின் பாட்டனாரே ஒரு கொட்டகையில் ஒருவர் தம் கையால் மாற்றி அமைத்த வண்டியாக இருக்கிறார். மூலம் என்பது மாறுதல்களின் நடுவில் நாம் ஓரிடத்தில் நின்று வைத்துக்கொண்ட பெயர் போலும்.

அப்படியானால் மாற்றப்பட்ட கார் அதே கார்தானா? இது பள்ளிக்கூடத்து வாதம் என்று ஒதுக்கிவிட முடியாதபடி, இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் ஒரு முறை இதைத் தீர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று வழங்கும் பென்ட்லி கார் 1929-ஆம் ஆண்டு பிரான்ஸிலுள்ள லெமான் நகரத்து இருபத்துநான்கு மணிநேரப் பந்தயத்தில் வென்றது. அடுத்த ஆண்டும் அதுவே வென்றது. இரண்டு முறையும் அதை ஓட்டியவர்களில் ஒருவர் வுல்ஃப் பர்னாட்டோ. முதல் ஆண்டு டிம் பிர்க்கினும் இரண்டாம் ஆண்டு கிளென் கிட்ஸ்டனும் அவருக்குத் துணை. பந்தயத்துக்குப் பந்தயம் அதன் உறுப்புகள் மாறிக்கொண்டே வந்தன. 1932-இல் புரூக்லாண்ட்ஸ் பந்தயத்துக்காக அதில் எட்டு லிட்டர் என்ஜின் ஏறிற்று. அந்தப் பந்தயத்தில் கார் சாய்வான பாதையின் விளிம்பைத் தாண்டிப் பாய்ந்து, ஓட்டிய கிளைவ் டன்ஃபி உயிரிழந்தார். பின்னர் பர்னாட்டோ அதை மறுபடியும் கட்டுவித்து, மூடிய கூரையுள்ள வண்டியாக்கிக்கொண்டார்.

பல ஆண்டுகள் கழித்து அதன் உடைமையாளர் அதை ஒரு கோடி பவுன் மதிப்புக்கு விற்க ஒப்பந்தம் செய்துகொண்டார். வாங்க ஒப்புக்கொண்டவர்களோ, லெமானில் ஓடிய காரின் உறுப்புகள் இதில் ஏறத்தாழ ஒன்றும் இல்லை, ஆகையால் இது அந்தக் கார் இல்லை என்று பின்வாங்கினார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி ஆட்டன், 1990-இல் விற்பவரின் பக்கம் தீர்ப்பளித்தார். 1929-இல் இருந்த பாகங்கள் பெரும்பாலும் போய்விட்டன என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் எந்த ஒரு கணத்திலும் அந்தக் கார் இல்லாமற் போய் வேறொன்று அதன் இடத்தில் வந்துவிடவில்லை. மாறுதல்கள் படிப்படியாக, அதன் வாழ்வின் போக்கிலேயே நேர்ந்தன. அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாடக்கூடிய வேறு கார் உலகத்தில் இல்லை என்று அவர் கண்டார். இரும்பை எடைபோட்டுப் பார்ப்பதை விட்டு, ஒரு வாழ்க்கையின் தொடர்ச்சியை அவர் ஆராய்ந்தார். அந்தத் தீர்ப்பை ஒரு தத்துவ நூலின் அதிகாரம் என்றே நான் மதிக்கிறேன்.

அதே வழக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் தேசத்தில் நடந்திருக்கிறது. கிறிஸ்துவுக்கு முற்பட்ட இரண்டாம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க அரசன் மெனாண்டரைத்தான் பௌத்தர்கள் மிலிந்தன் என்கிறார்கள். அவன் நாகசேனர் என்ற பிக்ஷுவிடம் வாதம் புரிய வந்தபோது, நீ நடந்து வந்தாயா, தேரில் வந்தாயா என்று அவர் கேட்டார். தேரில் வந்தேன் என்றான். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா, கடிவாளம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்க, அரசன் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றான். எல்லாவற்றையும் சேர்த்துத் தேர் என்கிறாயா, இவற்றுக்குப் புறம்பாகத் தேர் இருக்கிறதா என்று கேட்டபோதும் இல்லை என்றே சொல்ல வேண்டிவந்தது. உறுப்புகளைச் சார்ந்து வழங்கும் ஒரு பெயர்தான் தேர் என்று முடிவாயிற்று. மனிதனும் அப்படியே என்று நாகசேனர் உணர்த்தினார். இரவு முழுவதும் எரியும் விளக்கின் முதல் யாமத்துச் சுடரும் கடைசி யாமத்துச் சுடரும் ஒன்றா என்ற கேள்விக்கு, அதுவுமில்லை, வேறுமில்லை என்ற விடையும் அந்த நூலில் வருகிறது. நீதிபதி ஆட்டன் அந்த நூலைப் படித்திருந்தாரோ இல்லையோ, அவர் எட்டிய முடிவு சுடரைப் பற்றிய அந்த விடைக்கு வெகு அருகில் இருக்கிறது.

ஸ்பேனர் பிடித்தவனுக்கு நாகசேனரின் வாதம் பிரத்தியட்சம். அச்சையும் ஹப்பையும் ஸ்பிரிங்கையும் பிரேக்கையும் கழற்றித் தரையில் விரித்த சாக்கின்மேல் வரிசையாக வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறவன், கார் எங்கே போயிற்று என்று ஒரு கணம் திகைக்கிறான். இரும்பு இருக்கிறது, கார் இல்லை. அதே இரும்பை மாலையில் மீண்டும் பூட்டி, சாவியைத் திருப்பும்போது கார் வந்துவிடுகிறது. இடையில் வந்து சேர்ந்தது என்ன? ஒழுங்கு என்று சொல்லலாம். ஆனால் அந்த ஒழுங்கு தானாக வரவில்லை; ஒருவனுடைய கவனத்தின் வழியாக வந்தது. பகுத்துப் பார்த்து இல்லை என்று காட்டிய நாகசேனரை வணங்கும் நான், தொகுத்துப் பூட்டுகிறவனுடைய அனுபவத்தையும் அந்த விசாரத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கருதுகிறேன். பிரித்தவனுக்குத் தெரிந்த உண்மை பாதி. மீதிப் பாதியைப் பூட்டுகிறவன் அறிகிறான்.

அந்தப் பாதியைச் சமயங்கள் நெடுங்காலமாகவே அறிந்திருக்கின்றன. எம்எக்ஸ்-5 பிறந்த ஜப்பானிலேயே, இசே என்னும் தலத்திலுள்ள ஷிண்டோ ஆலயத்தை இருபது ஆண்டுகளுக்கு ஒரு முறை அடியோடு புதிதாகக் கட்டுகிறார்கள். ஏழாம் நூற்றாண்டின் இறுதியில், 690-ஆம் ஆண்டில் தொடங்கி, யுத்தக் குழப்பங்களால் நடுவில் தடைப்பட்டும் மறுபடி தொடர்ந்து, 2013-இல் அறுபத்திரண்டாம் முறையாக அந்தத் திருப்பணி நிறைவேறிற்று. பழைய ஆலயத்தின் பக்கத்திலேயே அதே அளவில் புதிய மரத்தால் புதிய ஆலயத்தை எழுப்பி, தெய்வ சாந்நித்தியத்தை இரவு நேரத்தில் பழையதிலிருந்து புதியதற்கு எழுந்தருளச் செய்கிறார்கள். மரம் ஒன்றுகூடப் பழையதில்லை. ஆலயமோ ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் பழையது. ஒரு தலைமுறைத் தச்சன் அடுத்த தலைமுறைக்குக் கைத்தொழிலைக் காட்டிக்கொடுக்க இருபது ஆண்டு தக்க இடைவெளி என்பதையும் கவனிக்க வேண்டும்.

நம் ஆகமங்கள் ஜீர்ணோத்தாரணம் என்று இதற்கு விதி வகுத்திருக்கின்றன. பழுதான கோயிலைத் திருத்தும்போது, மூர்த்தியின் கலைகளைக் கும்பத்துக்கு ஈர்த்து, பாலாலயத்தில் வைத்துப் பூசித்து, திருப்பணி முடிந்தபின் குடமுழுக்கில் மீண்டும் அங்கே சேர்ப்பிக்கிறார்கள். கல் மாறலாம், சுதை மாறலாம். பூசை மட்டும் ஒரு நாளும் அறுபடக் கூடாது. திருவாரூர் ஆழித் தேர் தீக்கு இரையாகி, மறுபடி கட்டப்பட்டு, பின்னாளில் திருச்சி பெல் தொழிற்சாலையின் இரும்பு அச்சுகளையும் ஹைட்ராலிக் பிரேக்கையும் ஏற்றுக்கொண்டு ஓடுகிறது. தியாகேசப் பெருமான் ஏறுவது ஆழித் தேரில்தான் என்பதில் வடம் பிடிக்கும் ஒருவருக்கும் ஐயம் எழுந்ததில்லை.

இந்த விஷயத்தை எண்ணும்போதெல்லாம் மகாபாரதத்தின் இரண்டு இடங்கள் என் நினைவுக்கு வருகின்றன. யுத்தத்தின் பதினான்காம் நாள், ஜயத்ரதனைத் தேடிச் செல்லும் வழியில், அர்ஜுனனுடைய குதிரைகள் அம்பு பட்டும் தாகத்தாலும் சோர்ந்து நின்றுவிடுகின்றன. பகைவர் சூழ்ந்து நிற்கும் அந்தக் களத்தின் நடுவிலேயே அர்ஜுனன் அம்பெய்து நீரூற்றை உண்டாக்க, கண்ணன் குதிரைகளை அவிழ்த்து, தைத்திருந்த அம்புகளைத் தன் கையால் பிடுங்கி, உடலைத் தேய்த்துவிட்டு, நீர் காட்டி, மறுபடியும் பூட்டுகிறான். உலகத்தையே படைத்துக் காப்பவன் என்று நாம் வணங்கும் ஒருவன், சாரதி என்ற வேலையை ஏற்றுக்கொண்டபின் குதிரைக்குத் தண்ணீர் காட்டுவதைச் சிறுமையாகக் கருதவில்லை. மற்றோர் இடம் யுத்தம் முடிந்த பிறகு வருகிறது. அன்று கண்ணன் அர்ஜுனனை முதலில் இறங்கச் சொல்லி, அதன் பிறகே தான் இறங்குகிறான். இறங்கியதும் தேர் தீப்பற்றிச் சாம்பலாகிறது. துரோணரும் கர்ணனும் எய்த அஸ்திரங்களால் அந்தத் தேர் முன்பே எரிந்துபோயிருக்க வேண்டியது, தான் அதில் அமர்ந்திருந்ததனால் அதுவரை எரியாமல் நின்றது என்று கண்ணன் விளக்குகிறான்.

மிலிந்தன் தேடிக் காணாத பொருளை இந்தக் கதை நமக்குக் காட்டுகிறதென்று நான் நம்புகிறேன். தேரைத் தேராக நிறுத்திவைத்தது மரமும் இரும்பும் மட்டுமே என்றால் அது முன்பே அழிந்திருக்கும். அதில் அமர்ந்திருந்தவனுடைய சாந்நித்தியம் அதைத் தாங்கிற்று. நாம் தெய்வங்கள் இல்லை. ஆயினும் நமக்கும் ஒரு சாந்நித்தியம் உண்டு. அதற்குச் சிரத்தை என்று பெயர். துணிக்கூரையின் ஓரத்து மழைநீர்த் துளைகளில் சருகு அடைத்துக்கொண்டால் நீர் உள்ளே தேங்கி அடிச்சட்டம் துருப்பிடிக்கும் என்பதை அறிந்து, ஆண்டுதோறும் அந்தத் துளைகளைத் துடைத்துவிடுகிறவன் எவனோ, அவன் அங்கே இருப்பதனால்தான் முப்பத்தைந்து ஆண்டுப் பழைய யூனோஸ் ரோட்ஸ்டர் இன்னும் யூனோஸ் ரோட்ஸ்டராக இருக்கிறது. மாஸ்டா நிறுவனமே 2017-இல், தன் முதல் தலைமுறைக் கார்களைப் புதுப்பித்துத் தரவும் அவற்றுக்கான பாகங்களை மறுபடி வார்க்கவும் ஏற்பாடு செய்ய முன்வந்தது என்றால், ஆண்டுக்கணக்காக அந்தக் கார்களைச் சாக விடாமல் காத்த உடைமையாளர்களே அதற்குக் காரணம்.

ஆனால் சிரத்தைக்கும் ஆசைக்கும் வெளித்தோற்றம் ஒன்றே. இரண்டும் ஸ்பேனரைத்தான் எடுக்கின்றன. வேற்றுமையை எப்படி அறிவது? ஒவ்வொரு பொருளுக்கும் அதன் இயல்பாகிய ஒரு தர்மம் உண்டு. செய்யும் மாறுதல் அந்த தர்மத்துக்குத் துணை நிற்கிறதா, அதன்மேல் உடைமையாளனின் கண்ணாசையைச் சுமத்துகிறதா என்று பார்ப்பதே நான் கண்ட அளவுகோல்.

சக்கரத்தை எடுத்துக்கொள்வோம், ஆசை முதலில் கைவைப்பது பெரும்பாலும் அங்கேதான். முதல் எம்எக்ஸ்-5-க்கு அதை வகுத்தவர்கள் கொடுத்தது 14 அங்குலச் சக்கரம். அதைக் கழற்றிவிட்டு 17 அங்குலச் சக்கரத்தைப் பூட்டினால் பக்கத்திலிருந்து பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் சக்கரமும் டயரும் ஹப்பும் ஸ்பிரிங்கின்மேல் தங்கும் எடையில் சேர்ந்தவை அல்ல. சாலையின் மேடு பள்ளத்தோடு நேரே மோதுகிறவை. அவற்றின் எடை கூடக்கூட, குலுங்கியபின் சக்கரத்தை மறுபடி தரையோடு சேர்த்துவைக்க ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் அதிகம் பாடுபட வேண்டியிருக்கிறது. அந்தக் கணங்களில் டயரின் பிடி தளர்கிறது. மேலும், சக்கரத்தின் விளிம்பில் ஏறும் ஒரு கிலோவை முன்னே தள்ளவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். ஆகையால் வேகம் எடுக்கும்போது அது ஏறத்தாழ இரண்டு கிலோவாக நிற்கிறது. இலேசாக இருப்பதையே தன் உயிராகக் கொண்ட ஒரு காருக்கு இப்படிச் செய்வது அதன் ஸ்வதர்மத்தைப் பறிப்பதாகும். அதே சக்கரத்தை அதே அளவில் இன்னும் எடை குறைந்த உலோகத்தில் வாங்கிப் பூட்டுகிறவன், வழியே போகிறவர் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாமல், காரின் இயல்புக்கு உதவி செய்கிறான். கண்ணுக்குத் தெரியாத மாறுதல்களிடம் எனக்கு உள்ள நம்பிக்கை, கண்ணுக்குத் தெரிகிறவற்றிடம் இல்லை.

நல்லெண்ணம் மட்டும் போதும் என்று நினைப்பதும் பிழை. நான்கு முனைகளில் பூட்டும் பந்தய சீட் பெல்ட்டைச் சிலர் பாதுகாப்புக்கென்றே மாட்டுகிறார்கள். துணிக்கூரைக் காரில் ரோல் பார் இல்லாமல் அதை மாட்டுவது பெரிய ஆபத்து. கார் கவிழ்ந்தால், தோளோடு இறுக்கிக் கட்டப்பட்டவன் குனியவோ சாயவோ முடியாமல் நிமிர்ந்தபடியே இருப்பான். தரையை முதலில் தாங்குவது அவன் தலையாகத்தான் இருக்கும். ஓர் உறுப்பை மாற்றுகிறவன் அதோடு சம்பந்தப்பட்ட மற்றவற்றையும் அறிந்திருக்க வேண்டும். காற்றுப்பை பொருத்திய ஸ்டியரிங்கை எடுத்துவிட்டு அழகிய மரச் சக்கரத்தைப் பூட்டுகிறவனும், தான் எதை இழந்து எதைப் பெறுகிறான் என்பதை முன்பே தனக்குத்தானே சொல்லிக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறான். அறிந்து ஏற்கும் ஆபத்துக்கும் அறியாமையால் வரும் ஆபத்துக்கும் தர்மத்தில் பெரிய வேற்றுமை உண்டு.

விளக்கு விஷயத்தில் என் மனம் இன்னும் கடுமையாக இருக்கிறது. ஹாலஜன் பல்புக்கென்று வகுத்த ஹெட்லைட்டில் பின்புறக் கண்ணாடியின் வளைவு, அந்த பல்பின் இழை நிற்கும் இடத்தைக் குறியாகக் கொண்டு அமைந்தது. அதில் எல்இடி பல்பைச் செருகினால், ஒளி பிறக்கும் இடமும் உருவமும் மாறி, கற்றை சிதறி, எதிரே வருகிறவன் கண்ணைக் குருடாக்கிவிடுகிறது. தன் பாதை பிரகாசமாயிற்று என்று மகிழ்கிறவன், எதிரே சைக்கிளில் வரும் ஒருவனுடைய பாதையைப் பறித்துக்கொண்டான். சைலன்சரை மாற்றி நள்ளிரவில் தெருவை அதிரச் செய்கிறவனைப் பற்றியும் இதைத்தான் சொல்ல வேண்டும். பதிவுப் புத்தகத்தில் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாதென்று நம் நாட்டு 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுப்பதற்கும் நியாயம் இங்கேதான் இருக்கிறது. சாலை எல்லோருக்கும் பொதுவானது.

இனி, துறவு நெறியில் நிற்பவர்கள் எழுப்பும் ஆட்சேபம் ஒன்று உண்டு. இரும்பின்மேல் இவ்வளவு சிரத்தை எதற்கு, எல்லாம் மமகாரத்தை வளர்ப்பதுதானே என்று அவர்கள் கேட்பார்கள். வாஸ்தவம், வளர்க்கக் கூடும். ஒன்று பூட்டியதும் அடுத்தது வேண்டும் என்று தோன்றி, கார் ஓடும் நாட்களைவிட ஸ்டாண்டின்மேல் நிற்கும் நாட்கள் அதிகமாகி, மனம் எப்போதும் இனி வரப்போகும் உறுப்பிலேயே நிற்கும் நிலை பலருக்கு நேர்கிறது. அது ஒரு நோய். ஆனால் கையால் செய்யும் வேலையிலேயே அதற்கு மருந்தும் இருக்கிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம். கடைக்குப் பணம் கொடுத்து எல்லாவற்றையும் பூட்டச் சொல்கிறவனுக்கு அவன் ஆசையை எதிர்த்து நிற்க ஒன்றுமில்லை. தன் கையால் செய்கிறவனை இரும்பே எதிர்த்து நிற்கிறது. சக்கரத்தின் நட்டுகளை நேர் எதிர் வரிசையில், சுமார் 100 நியூட்டன் மீட்டர் அளவுக்கு, டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்க வேண்டும். குறைந்தால் நட்டு தளரும், மிகுந்தால் போல்ட் நீண்டு பழுதாகும். அவசரம், கோபம், நான் வல்லவன் என்ற எண்ணம் ஆகிய மூன்றில் எதுவும் அந்த அளவை மாற்றாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், வண்ணப் பூச்சில் சிந்தினால் அரித்துவிடும் என்பதும் யாருடைய விருப்பத்தையும் கேட்டு நடப்பதில்லை. இந்தப் பொய் சொல்லாத ஆசிரியரிடம் சில மணிநேரம் கைகட்டி நிற்பவனுடைய அகங்காரம் தேயத்தான் செய்யும். கர்மத்தில் சிரத்தையும் பலனில் பற்றின்மையும் வேண்டும் என்று கீதை உபதேசிப்பதைக் கேட்டிருக்கிறோம். அந்த உபதேசம் பிறந்த இடமும் ஒரு தேர்த்தட்டுத்தான்.

நம் சமயமும் கருவியை இகழவில்லை. ஆயுத பூஜையன்று ஸ்பேனருக்கும் சந்தனம் இடுகிறோம். ஜப்பானில் பல ஊர்களில் பிப்ரவரி 8-ஆம் தேதியன்று, முறிந்த தையல் ஊசிகளை மென்மையான டோஃபுவில் குத்தி, இத்தனை நாள் உழைத்ததற்கு நன்றி செலுத்தி விடைகொடுக்கிறார்கள். எனக்குப் பயன்பட்ட பொருளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்ற உணர்ச்சி இந்த இரண்டிலும் இருக்கிறது. அந்த உணர்ச்சி உள்ளவனுக்குக் கார் அவனுடைய அடிமையும் ஆகாது, அவனுடைய அலங்காரமும் ஆகாது. அவன் அதைச் சில காலம் காத்து, அடுத்தவர் கையில் ஒப்படைக்க வேண்டியவன்.

உடைமை என்பதன் பொருளை இப்படி ஏற்றுக்கொண்டு இந்த வேலையில் இறங்கும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் கழற்றிய மூல உறுப்புகளை எறிந்துவிடாதீர்கள். எண்ணெய்த் துணியில் சுற்றி, சீட்டு ஒட்டி வைத்திருங்கள். என்றைக்கு, மீட்டர் எத்தனை கிலோமீட்டர் காட்டும்போது, எதை எடுத்தீர்கள், எதைப் பூட்டினீர்கள், எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்கினீர்கள் என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதிவாருங்கள். ஓல்ட் நம்பர் ஒன் வழக்கில் அந்தக் காரைக் காப்பாற்றியது அதன் வரலாறு. காரை விற்கும் நாளில் சாவியோடு அந்த நோட்டையும் அந்த மூட்டையையும் சேர்த்துக் கொடுங்கள். விலை பேசும்போது அவற்றுக்கென்று தனியாக ஒன்றும் கேட்காதீர்கள்.